ஆறு வெளியே வரும் இடம்

ஓர் ஆற்றை, அது மறையும் இடத்தில் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் மலையில், புல்வெளி கிண்ணம்போலக் குழிந்து இறங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் அடியில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய பாறைப் பிளவு. மழைக்காலத்தில் சுற்றுச் சரிவுகளின் தண்ணீரெல்லாம் ஓடையாகத் திரண்டு வந்து, அந்தப் பிளவின் முன் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போய்விடும். அதன் பிறகு சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்கும். மலையின் மறுபுறம், வெகு கீழே, ஒரு குகைவாயிலிருந்து ஓர் ஆறு புறப்படுகிறது. மேலே மறைவதும் கீழே வெளிவருவதும் ஒரே தண்ணீர்தான் என்று நிறுவியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் குகைவாயை நான் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை.

நாங்கள் இருப்பது கொல்கத்தாவில். நானும் என் கணவரும் நியூ டவுனில் உள்ள ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் நிலத்தடி நீரைப் பற்றி வேலை செய்கிறோம். அவருடைய தமிழ்க் குடும்பம் மூன்று தலைமுறையாக லேக் கார்டன்ஸில் இருக்கிறது. நான் ரயில்வே காலனி ஒன்றில் வளர்ந்தவள். கல்லூரியில் அவரோடு படித்து, அவரோடு இந்த வேலைக்கு வந்து, அவர் வீட்டுக்கும் வந்தவள். சமநிலத்தில், சேற்று மண்ணில், ஆற்றை எங்கே பார்த்தாலும் அகலமாகவே பார்க்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு, மலைக்குள் ஓடும் ஆறு எப்படிப்பட்ட ஆசையை உண்டாக்கும் என்பதை நான் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை.

அந்த மலைப்பகுதியின் குகைகளைப் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவிக்க ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. எல்லைக்கோடு எங்கே செல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி. குகைவாயும் அதைச் சுற்றிய காடும் எல்லைக்குள் வருவதில் எவருக்கும் மறுப்பில்லை. மேலே இருக்கும் பள்ளத்தைப் பற்றித்தான் வழக்கு. அதன் அடியிலிருப்பது நல்ல சுண்ணாம்புக்கல். அதை வெட்ட ஒரு குவாரி காத்திருந்தது. "பள்ளத்துக்கும் குகைக்கும் சம்பந்தம் இல்லை, நடுவே முழு மலை இருக்கிறது" என்பது அவர்கள் தரப்பு. சம்பந்தம் இருந்தால், பள்ளத்தில் வெட்டும் தூசியும் எண்ணெயும் குகைக்குள் போகும். குகைவாயில் தண்ணீர் எடுக்கும் கிராமத்தின் குடத்துக்கும் போகும். இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது.

முறை எளிமையானது. பள்ளத்தில் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில், தீங்கற்ற ஒரு சாயப்பொடியைக் கரைத்துவிட வேண்டும். பொடியாக இருக்கும்போது செங்கல் நிறம். தண்ணீர் பட்ட கணம் கண் கூசும் பச்சை. மலைக்குள் போகப் போக அது நீர்த்து, கண்ணுக்குத் தெரியாமல் ஆகிவிடும். ஆகவே மறுபுறம், குகைவாய் நீரில், கரித்துகள் நிரப்பிய வலைப்பொதிகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத சாயத்தையும் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். சில நாட்களுக்கு ஒருமுறை பொதியை மாற்றி, பழையதை நியூ டவுன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சோதிப்பார்கள்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதி மாற்ற முடியாதது: சாயம் தொட்டவர் பொதியைத் தொடக் கூடாது. நகக்கண்ணில் ஒட்டிய துளிகூடப் பொய்ச்சாட்சி சொல்லிவிடும். சாயம் கரைப்பவர் குகைவாய்ப் பக்கமே போகக் கூடாது. பொதி எடுப்பவர் பள்ளத்துப் பக்கம் வரக் கூடாது. இருவரும் ஒரே ஜீப்பில் ஏறக் கூடாது. நான் கரைப்பவள், அவர் எடுப்பவர் என்று பிரித்துக்கொண்டோம். அந்த நேரத்தில் அது ஒரு பெரிய முடிவாகத் தோன்றவில்லை.

முதல் வருடம், மழை வலுப்பதற்கு முன் நான் மட்டும் மேலே போய், ஒரு சின்ன ஓடையில் ஒத்திகை பார்த்துத் திரும்பினேன். அதே நாட்களில் மாமியார் பொதிகளுக்கான வலைத்துணியைத் தையல் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். "கொசுவலைக்கு இவ்வளவு சின்ன கொசுவா?" என்று கேட்டுக்கொண்டே, ஓரம் மடித்து, வாயில் நாடா கோத்து, தலையணை உறை தைக்கும் சிரத்தையோடு தைத்தார். பிறகு அசல் சோதனை நடந்தது. நான் பள்ளத்தில் கரைத்தேன். என் கணவர் கீழே பொதி கட்டினார், மாற்றினார், ஆய்வகத்துக்கு எடுத்து வந்தார். எல்லாப் பொதியிலும் சாயம் இருந்தது.

எல்லாப் பொதியிலும் என்றால், தண்ணீரில் நனையவே நனையாமல், ஒப்பிடுவதற்காகப் பையிலேயே வைத்திருந்த வெற்றுப் பொதியிலும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இருவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம். மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டே இருவர் முகத்தையும் பார்த்தார்.

"ஆபீஸ்ல ஏதும் தகராறா?"

"இல்லம்மா. பொதில எல்லாம் பச்சை வந்திருக்கு," என்றார் அவர்.

"பச்சை வந்தா நல்லதுன்னுதானடா சொன்னே?"

"வரக் கூடாததுலயும் வந்திருக்கும்மா."

மாமியார் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "பச்சைன்னா... நம்ம பாத்ரூம்ல ஓடிச்சே, அந்தப் பச்சையா?"

நாங்கள் இருவரும் நிமிர்ந்தோம்.

நடந்தது இதுதான். நான் ஒத்திகையிலிருந்து வந்து போட்ட மழைக்கோட்டையும் துணிகளையும் மாமியார் பக்கெட்டில் ஊறவைத்திருக்கிறார். தண்ணீர் பச்சையாகியிருக்கிறது. சாயம் போகிற துணி என்று நினைத்து அலசிவிட்டார். அதே பக்கெட்டில், தைத்து முடித்த வலைப்பொதிகளையும் போட்டு எடுத்திருக்கிறார்.

"பொதியை ஏம்மா நனைச்சீங்க?" என்று கேட்டேன்.

"புதுத்துணியை நனைக்காம யாராவது எடுப்பாங்களா? கஞ்சி இருக்கும், கடைக்காரன் கைப்பட்டது இருக்கும். குழந்தைக்குச் சட்டை தைச்சாலும் அலசித்தானே போடுவோம்." பிறகு குரல் தணிந்தது. "கீ காண்டோ, என்ன கூத்து இது! நானா கெடுத்தேன்?"

என் கணவர் எழுந்து போய்ப் புற ஊதா விளக்கை எடுத்து வந்தார். ஆய்வகத்துச் சிறு டார்ச் அது. பாத்ரூம் பல்பை அணைத்துவிட்டு மூவரும் வாசலில் நின்றோம். வெளிச்சம் பட்டதும் ஓடுகளின் இடுக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. பக்கெட்டின் கைப்பிடி, குழாயின் கழுத்து, தண்ணீர் வெளியேறும் சல்லடை. ஒரு சிறிய ஆறு, தன் கிளைகளோடு, எங்கள் குளியலறைத் தரையில் ஓடி முடித்திருந்தது.

"மா கோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார் மாமியார். கொல்கத்தாவில் பிறந்தவருக்குத் திகைப்பு வங்காளத்தில்தான் வரும். கொஞ்ச நேரம் கழித்து, "அழகா இருக்கே!" என்றார். என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதே பக்கெட்டில் நனைந்த மாமனாரின் வேட்டி ஒன்றின் ஓரம் அன்றிலிருந்து இளம் பச்சை. அவர் அதைத் தேர்தல் நாளில் மட்டும் உடுத்துவதில்லை, எந்தக் கட்சி என்று கேட்பார்களாம்.

ஆனால் சிரித்து முடிக்கிற விஷயம் இல்லை. களத்தில் எந்த வண்டியில் ஏறுவது, எந்தப் பாலத்தைக் கடப்பது என்றெல்லாம் யோசித்த நாங்கள், இருவரும் ஒரே வீட்டுக்குத் திரும்பி வருகிறோம் என்பதை யோசிக்கவில்லை. அந்த வருடத்துச் சோதனை செல்லாது. மழை ஓய்ந்துவிட்டது. எல்லைக்கோட்டை முடிவுசெய்யும் கூட்டத்தை அடுத்த மழைக்குப் பின் வரை தள்ளிவைத்தார்கள். இன்னொரு முறை தள்ள மாட்டோம் என்றும் சொன்னார்கள். அடுத்த மழையில் தெளிவான விடை கிடைக்காவிட்டால் பள்ளம் கோட்டுக்கு வெளியே போய்விடும்.

ஆகவே இரண்டாம் வருடம் விதியை வீட்டுக்கும் நீட்டினோம். மேலே போவதற்கு முன்பே நான் லேக் கார்டன்ஸை விட்டு, கிடர்பூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன். சித்தி சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வாசலை அடைத்து நிற்கும் தெருவில், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். பிறந்தது இங்கேயே என்றாலும் அவள் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. அவனோட சண்டையா?"

"இல்ல சித்தி, சாயம்."

"சாயம் வெளுத்துட்டோ?"

"ஐயோ, விளையாடாதீங்க. அவரும் நானும் ஒரே வீட்ல இருந்தா சோதனை கெட்டுப்போகும்."

"நல்லா இருக்குட்டி ஒங்க படிப்பு. ஊர்ல ஆடி மாசத்துக்குத்தான் பிரிச்சு வைப்பாங்க. நீங்க மழைக்காலம் முழுசுக்கும்லா பிரிஞ்சு இருக்கீங்க." எதிர்வீட்டு வங்காளப் பெரியம்மாவிடம், நாங்கள் 'மாஷிமா' என்று அழைப்பவரிடம், அவள் இதை எப்படி விளக்கினாளோ தெரியாது. அடுத்த நாள் மாஷிமா என் கன்னத்தைத் தொட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி, ஒரு மண்குடுவை மிஷ்டி தொய் கொடுத்துவிட்டுப் போனார். மறுக்க மனம் வரவில்லை. இனிப்புத் தயிரை நானும் சித்தியும் சாப்பிட்டோம்.

புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, என் கணவர் போனில் கேட்டார்: "இந்த வருஷம் மாத்திக்கலாமா? நான் கரைக்கறேன். நீ கீழே போ."

நான் போனோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கைவண்டிக்காரர் மூட்டைகளுக்குமேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் அந்த இடத்தை எவ்வளவு விரும்பினேன் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து வந்ததும் அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்பேன். அவர் நல்ல மனிதர். ஆனால் வர்ணிக்கத் தெரியாதவர். "தண்ணி வருது. குளிரா இருக்கு. வேற என்ன சொல்லணும்?" என்பார். படங்கள் எடுத்து அனுப்பியிருக்கிறார். கறுத்த வாய், வெள்ளைத் தண்ணீர், ஓரத்தில் பெரணி இலைகள். படத்தில் அந்த வாய் ஒரு வீட்டுக் கதவளவா, ஒரு கோயில் கோபுர வாசலளவா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. உள்ளிருந்து வரும் காற்று முகத்தில் எப்படிப் படும்? அத்தனை தூரம் இருட்டில் வந்த தண்ணீருக்கு வாசனை இருக்குமா? என் கையிலிருந்து இறங்கிப் போன ஒன்று எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க நினைப்பது அப்படியொன்றும் பெரிய ஆசை இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ன, லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். வேண்டாம்."

"ஏன்? புது பூட்ஸ், புதுப் பை எல்லாம் வாங்கிக்கலாமே."

"கூட்டத்துல என்ன கேப்பாங்க யோசி. போன வருஷம் கெட்டது யார் துணியால? அவங்களே இந்த வருஷம் குகைவாய்க்குப் போனாங்களா? அப்போ இந்தப் பச்சையை எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க. நான் அந்தப் பக்கம் இருந்தா, நமக்கு வர நல்ல முடிவும் சந்தேகத்தோடதான் வரும்."

"நீ சொல்றது சரிதான்," என்றார். அந்தச் சமயத்தில் அவர் கொஞ்சம் வாதாடியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பள்ளத்துக்குப் போகும் பாதையில் ஒரு டீக்கடை உண்டு. கடைக்கார அக்காவை எல்லோரும் 'காங்' என்று அழைப்பார்கள். அங்கே அக்காவுக்கு அதுதான் சொல். ஹிந்தியில் பேசிக்கொள்வோம். அவர் என் சாயப் பெட்டியைச் சுட்டி, "இந்தத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறது என்று தெரிந்தால் குவாரி வராது, இல்லையா?" என்று கேட்டார்.

"வராது என்று நினைக்கிறேன், காங்."

"என் தம்பி வேறு குவாரியில் லாரி ஓட்டுகிறான். வாரம் ஒருநாள்தான் வீட்டுக்கு வருகிறான். இங்கே வந்தால் தினமும் வருவான்." கோபமில்லாமல் சொன்னார். பிறகு, "கீழே இருப்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். என் சின்னம்மா அங்கே இருக்கிறாள். அவளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்," என்று சேர்த்துக்கொண்டு, டீயை என் பக்கம் நகர்த்தினார்.

நியூ டவுனில் எங்கள் அலுவலகத்தைச் சுற்றி எழும் அடுக்குமாடிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் எங்கேயோ வெட்டப்பட்ட ஒரு மலை இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் இந்த மலையை வெட்டாதே என்கிறேன். இதை நினைத்தபடியேதான் டீயைக் குடித்தேன். நினைத்தபடியேதான் பள்ளத்தில் இறங்கினேன். இருந்தாலும் இறங்கினேன்.

மழை நன்றாகப் பிடித்திருந்தது. பிளவின் முன் தண்ணீர் பழுப்பாகச் சுழன்றது. பொடியைக் கரைத்து விட்டதும், சுழலின் ஒரு விளிம்பில் பச்சை கோடாக விழுந்து, விரிந்து, முழுச் சுழலும் பச்சையாகி, ஒரு கணம் நின்றதுபோல் தோன்றி, உள்ளே போனது. கடைசிப் பச்சையும் போன பிறகு பழுப்பு நீர் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. பிளவுக்குள் தலையை நீட்டிக் கேட்டேன். எங்கோ ஒரு பெரிய கூடத்தில் பலர் ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசுவதுபோன்ற சத்தம். நான் வந்த வழியே மலையிறங்கி, நேராகக் கிடர்பூர் வந்துவிட்டேன்.

அதன் பிறகு காத்திருப்புத்தான். தண்ணீர் மலைக்குள் எவ்வளவு காலம் தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொதிக்கும் அவர் போன் செய்வார். "ஒண்ணும் இல்ல." அடுத்ததற்கும், "ஒண்ணும் இல்ல." அந்த மழைக்காலம் முழுவதும், ஒரே நகரத்தில் இருந்துகொண்டு நாங்கள் குரலாக மட்டும் இருந்தோம். சித்தி தோசை வார்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்னவாம் மாப்பிள்ளை? பச்சைக்கொடி காட்டலையாமா?" என்பாள்.

பிறகு ஒரு பகலில், சித்தி துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தபோது போன் வந்தது.

"வந்திருக்கு," என்றார் அவர்.

"வெற்றுப் பொதி?"

"சுத்தம். ரெண்டு தடவை பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

நான் சித்தியின் கட்டிலில் உட்கார்ந்தேன். "அம்மா கேக்கறாங்க, இனிமே நீ வீட்டுக்கு வரலாமான்னு," என்றார்.

எல்லைக்கோடு பள்ளத்தையும் உள்ளே சேர்த்துக்கொண்டு சுற்றிப் போனது. அந்தக் கூட்டம் நியூ டவுனில்தான் நடந்தது. நாங்கள் இருவரும் இருந்தோம். கோடு முடிவானபின், உள்ளே என்னென்ன அனுமதிக்கலாம் என்ற பேச்சு வந்தது. குகைவாயைப் பார்வையாளர்களுக்குத் திறக்கலாமா? மரப்பாதை போடலாம், விளக்கு வைக்கலாம், கிராமத்துக்கு வருமானம் வரும் என்றார்கள். அவை நியாயமான பேச்சுகள். தண்ணீர் போகும் வழியை ஆராய்ந்தவள் என்பதால் என் கருத்தை முதலில் கேட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அங்கே போவதென்று நான் முடிவுசெய்திருந்தேன். சோதனை முடிந்துவிட்டது, விதியும் முடிந்துவிட்டது. பயணத்துக்கு ஒரு கம்பளிச் சட்டைகூட எடுத்துவைத்திருந்தேன்.

குகைவாய்க்குள் போகிறவர் ஒவ்வொரு அடியையும் தண்ணீரில்தான் வைக்க வேண்டும், அந்தத் தண்ணீரைத்தான் கிராமம் குடிக்கிறது, இருட்டுக்கே பழகிய மீன்களும் வௌவால்களும் அதை நம்பி இருக்கின்றன. மேலே ஒரு துளி விழுந்தால் கீழே வந்து சேர்கிறது என்று நிரூபித்தவர்களே, கீழே எத்தனை பேர் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சொல்ல முடியாது. வருமானத்துக்குக் காட்டின் வெளிப்புறத்தில், மலைமேல் பாதைகள் போடலாம். குகைவாயை மூடிவைக்க வேண்டும். நீரைக் கண்காணிக்க ஒரே ஒருவர், பொதி மாற்றுகிறவர், போனால் போதும். இப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. மற்றவர்கள் பேசினார்கள், மாற்றுக் கருத்துகள் வந்தன, கடைசியில் அதுவே ஏற்கப்பட்டது. பொதி மாற்றுகிறவர் அவர்தான். நான் பக்கத்துப் பள்ளங்களுக்கான சாயம் கரைப்பவள். கோட்டை இன்னும் விரிக்க வேண்டியிருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவர் எனக்குக் கொடுத்தார். வெகுதூரம் வந்தபின் சொன்னார்:

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து, அப்புறம் சொல்லியிருக்கலாமே."

"பாத்துட்டு வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

சில வருடங்களாகிவிட்டன; இந்த மழைக்காலத்திலும் நான் கிடர்பூரில் இருக்கிறேன். மாஷிமா இப்போதெல்லாம் விசாரிப்பதில்லை. வருடாவருடம் வந்துபோகும் ஒரு நோயைப்போல இதை ஏற்றுக்கொண்டுவிட்டார். தயிர் மட்டும் வருகிறது. புறப்படும் முன் ஒரு சாயங்காலம், லேக் கார்டன்ஸ் வீட்டுப் பாத்ரூமில் பல்பை அணைத்து டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மாமியார் வருடக்கணக்காகத் தேய்த்ததில் எல்லாம் போய்விட்டது. சல்லடையின் கீழ்விளிம்பில் மட்டும், குனிந்து பார்த்தால், நூலளவு பச்சை. சாயம் வெளியே வரும் இடம் என்று நான் பார்த்தது அது ஒன்றுதான்.

இன்று மத்தியானம் அவர் கீழேயிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல். பொதி மாற்றியாகிவிட்டது என்றார்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். எப்போதும் கேட்பதுதான்.

"குளிரா இருக்கு," என்றார். பிறகு, "இரு," என்று சொல்லிவிட்டு, பேசாமல் போனைத் தண்ணீர் வெளியே வரும் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.